கிளம்பலாம் என்று வீட்டில் யார் சொல்வது?

கடலூர் மாவட்டத்தில் தென்பெண்ணைக் கரையை ஒட்டிய ஓர் ஊரின் அரசு நடுநிலைப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஐப்பசி பிறந்துவிட்டால் பள்ளிச் சாவிக்கொத்து என் கைப்பையிலேயே இருக்கும். புயலோ வெள்ளமோ, எது வந்தாலும் எங்கள் ஊர் சனம் வந்து ஒதுங்குவது அந்தக் கட்டடத்தில்தான். பெஞ்சுகளை அடுக்கி ஓரம் கட்டி, தார்ப்பாய் விரித்து, சத்துணவுக் கூடத்தில் உலை ஏற்றச் சொல்லிவிட்டு வாசலில் நிற்பேன். நனைந்துகொண்டே வருகிற குடும்பத்தைப் பார்த்த மாத்திரத்தில் அவர்கள் எப்போது கிளம்பினார்கள் என்று தெரிந்துவிடும். காலில் மட்டும் சேறு என்றால் நேரத்தோடு புறப்பட்டவர்கள். பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு, இடுப்புவரை நனைந்து, பேச்சே வராமல் நின்றால் கடைசி நேரத்தில் தப்பியவர்கள். 2011 தானே புயலில் பார்த்தேன், 2015 மழையில் பார்த்தேன், 2021 நவம்பர் வெள்ளத்தில் பார்த்தேன். ஓய்வு பெற்ற பிறகும், 2024இல் ஃபெஞ்சல் புயல் வந்தபோது போய் நின்றேன்.

மழைக்காலம் நெருங்கும்போது அவசரப் பையில் என்னென்ன வைக்க வேண்டும் என்று செய்தித்தாள்களும் தொலைக்காட்சிகளும் பட்டியல் தருகின்றன. டார்ச், மெழுகுவத்தி, பிஸ்கட், மாத்திரை, ஆதார் நகல். எல்லாம் வேண்டியதுதான். ஆனால் எங்கள் ஊரில் குடும்பங்கள் தண்ணீரில் மாட்டிக்கொண்டதற்குக் காரணம் பை இல்லாதது இல்லை. கிளம்பலாம் என்று அந்த வீட்டில் யார் சொல்ல வேண்டும் என்பது முன்கூட்டியே முடிவாகாததுதான் காரணம். எந்தப் பட்டியலிலும் அது இடம்பெறுவதில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகும் லேசில் நகராமல் நின்று கொட்டியது. மறுநாள் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 50 செ.மீ. மழை. மேலே பெய்ததெல்லாம் தென்பெண்ணையின் சாத்தனூர் அணைக்கு வந்து சேர, டிசம்பர் 2 அதிகாலையில் அங்கிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கனஅடி திறந்துவிட்டார்கள். அரசூரில் சென்னை–திருச்சி நெடுஞ்சாலை மேலேயே ஆறு ஓடியது. ஆறு கடலில் சேரும் கடலூர்ப் பக்கத்து ஊர்களில் வீடுகளுக்குள் தண்ணீர். முன்னறிவிப்பு கொடுத்துத்தான் திறந்தோம் என்றது அரசு. போதவில்லை என்றன எதிர்க்கட்சிகள். அந்த வாதம் எப்படியோ போகட்டும், எங்கள் தெருவுக்கு ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ வந்தது. தலையாரி வந்து வீடு வீடாகவும் சொன்னார். அணையில் திறந்த தண்ணீர் எங்கள் பக்கம் வந்து சேர மணிக்கணக்கில் ஆகும். கிளம்ப அவகாசம் இருந்தது.

அன்று சாயங்காலம் ஓர் இளம்பெண் கைக்குழந்தையோடும் மாமியாரோடும் பள்ளிக்கு வந்தாள். என்னிடம் படித்தவள்தான். சேலை மார்புவரை நனைந்திருந்தது. குழந்தையை மட்டும் துளி ஈரம் படாமல் பாலித்தீன் உரச் சாக்கில் சுற்றித் தூக்கி வந்திருந்தாள். பையைப் பிரித்தபோது எனக்கு ஆச்சரியம். ரேஷன் அட்டை, குழந்தையின் தடுப்பூசி அட்டை, நகைக்கடன் ரசீது, மகளிர் குழுவின் பாஸ்புத்தகம், மாமியாரின் சர்க்கரை மாத்திரை எல்லாவற்றையும் தனித்தனி உறையில் போட்டு முடிச்சிட்டிருந்தாள். காலையிலேயே கட்டி வைத்துவிட்டாளாம். பிறகு ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டேன்.

"அவருக்குப் போன் போகவே இல்லை டீச்சர். அவரைக் கேட்காம வீட்டைப் பூட்டிட்டு எப்படி வர்றது?"

கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. மாமியாரோ, பையன் சொல்லட்டும் என்று திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்து வீடு மதியமே காலி. இவர்கள் மட்டும் அலைபேசியைப் பார்த்துக்கொண்டு, டவர் வரும் வரும் என்று காத்திருந்திருக்கிறார்கள். கடைசியில் அடுப்படிக்குள் தண்ணீர் வந்ததும் மாமியாரே எழுந்து, வா போகலாம் என்றிருக்கிறார்.

அந்தக் கணவர் நல்ல பிள்ளை. அவரைக் கேட்டிருந்தால், முதல்ல கிளம்பு என்றுதான் சொல்லியிருப்பார். ஆனால் அதை அவர் தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோதே சொல்லிவிட்டுப் போயிருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் ஆண்கள் பாதிப் பேர் வெளியூரில்தான் இருக்கிறார்கள். சென்னையில் கட்டட வேலை, திருப்பூர், கேரளா, வளைகுடா. வீட்டில் இருப்பது பெண்களும் கிழடுகளும் குழந்தைகளும். வெள்ளத்தை எதிரே பார்ப்பவர்கள் இவர்கள். முடிவு சொல்பவர் நூறு மைல் தள்ளி, நெட்வொர்க் இல்லாத இடத்தில்.

இதை ஒரு வீட்டுக் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் எங்கள் கடலூர் மாவட்டத்தில் இறந்தவர்களில் 391 பேர் பெண்கள், 146 பேர் ஆண்கள் என்று ஆக்ஸ்பாம் அமைப்பு 2005இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. காரணங்கள் பல: அந்த நேரத்தில் ஆண்கள் கடலுக்குப் போயிருந்தார்கள், பெண்கள் கரையில் மீனுக்காகக் காத்திருந்தார்கள் அல்லது வீட்டில் இருந்தார்கள், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருந்தது, பலருக்கு நீச்சல் தெரியாது. சுனாமியில் யாரிடமும் கேட்க நேரம் இல்லைதான். ஆனால் வெள்ளமும் புயலும் நேரம் கொடுக்கின்றன. கொடுத்தும் அந்த நேரத்தை உத்தரவுக்குக் காத்திருந்தே கழித்தால் என்ன சொல்வது?

வங்கதேசத்தைப் பாருங்கள். 1991 ஏப்ரல் புயலில் அங்கே சுமார் 1.4 லட்சம் பேர் இறந்தார்கள். பெண்களின் சாவு ஆண்களைவிட மிக அதிகம். ஏன் என்று ஆராய்ந்தவர்கள் கண்டவற்றில் ஒன்று, எங்கள் ஊர் மருமகள் சொன்ன அதே பதில்: வீட்டு ஆண் வந்து சொல்லட்டும் என்று பலர் காத்திருந்தார்கள். பாதுகாப்பு மையத்தில் அன்னிய ஆண்களோடு நெருக்கி உட்கார வேண்டுமே என்ற கூச்சம் இன்னொன்று. அதன் பிறகு அவர்கள் மையங்களைக் கூட்டினார்கள், பெண்களுக்குத் தனி அறை கட்டினார்கள், மாடுகளுக்கு மேட்டுத் தளம் அமைத்தார்கள். எச்சரிக்கை சொல்லப் போகும் தொண்டர்களில் இன்று பாதிப் பேர் பெண்கள். 2007 சித்ர் புயலும் கடுமையானதுதான். சுமார் 3,400 பேர் இறந்தார்கள். அதுவும் பெரிய இழப்பே. ஆனால் 1991ஐ நினைத்துப் பார்த்தால் எத்தனை உயிர் மிஞ்சியது என்பது புரியும். ஏழை நாடு ஒன்று செய்து காட்டியிருக்கிறது.

ஆகவே நான் பெற்றோர் கூட்டங்களில் சொல்லி வந்ததையே இங்கேயும் சொல்கிறேன். ஆடியிலோ ஆவணியிலோ, தரை காய்ந்து கிடக்கும்போது, வீட்டில் எல்லோரும் இருக்கிற ஒரு நாளில் உட்கார்ந்து பேசுங்கள். வெளியூரில் இருப்பவர் போனில் கலந்துகொள்ளட்டும். முதலில் ஒரு அடையாளத்தை முடிவு செய்யுங்கள். ஒவ்வொரு ஊரிலும் தண்ணீர் முதலில் ஏறும் இடம் எது என்று பெரியவர்களுக்குத் தெரியும். எங்கள் ஊரில் அது வாய்க்கால் மதகு. மதகின் மேல்கல்லைத் தண்ணீர் தொட்டுவிட்டால் அதற்கப்புறம் படுகைத் தெருவுக்குள் வர அதிக நேரம் பிடிக்காது. அப்படியானால், மேல்கல்லுக்கு ஒரு முழம் இருக்கும்போதே கிளம்புவது என்று வைத்துக்கொள்ள வேண்டும். ஆட்டோ வந்ததா, வானிலை அறிக்கையில் ஆரஞ்சா சிவப்பா என்பதெல்லாம் அதற்கு மேல்தான். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் கிட்டத்தட்ட 95 செ.மீ. பெய்தது. அதி கனமழை என்று வானிலை மையம் சொல்வதே 20 செ.மீ.க்கு மேல் பெய்தால்தான். அதைப்போல நாலு மடங்குக்கும் மேல். எந்த அறிக்கையும் இவ்வளவு என்று சொல்லி வைக்க முடியாத நாட்கள் வரத் தொடங்கிவிட்டன. அன்று உங்கள் கண்ணுக்குத் தெரிகிற மதகுதான் உங்களுக்கு எச்சரிக்கை. அரசு கிளம்பச் சொன்னால், மதகு காய்ந்து கிடந்தாலும் கிளம்ப வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். அணை திறப்பது மதகுக்குத் தெரியாது.

அடுத்தது, சொல்பவர். அன்றைக்கு வீட்டில் யார் இருக்கிறார்களோ அவர்களில் மூத்த பெண்ணோ மருமகளோ, யார் விவரம் தெரிந்து எழுந்து நடமாடுகிறவரோ, அவர் கிளம்பலாம் என்றால் எல்லோரும் கிளம்ப வேண்டும். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. இதை ஆண்கள் தங்கள் வாயால், அம்மா அப்பா முன்னிலையில் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லாவிட்டால் மருமகள் தானாக எடுத்துக்கொள்ள மாட்டாள். அவள் எடுத்துக்கொண்டாலும் மாமனார் கேட்க மாட்டார்.

இதோடு ஒட்டிய இன்னொரு வாக்குறுதியும் வேண்டும். கிளம்பிப் போய், தண்ணீர் வராமலே போனால் ஒருவரும் திட்டக் கூடாது. 2020இல் நிவர் புயல் வந்தபோது எங்கள் ஊரில் பலர் நேரத்தோடு பள்ளிக்கு வந்துவிட்டார்கள். பயந்த அளவுக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் வீடு திரும்பிய பெண்கள் என்ன பேச்சு வாங்கினார்கள் என்று எனக்குத் தெரியும். "ஒரு தூறலுக்கு ஊரைக் கூட்டிக்கிட்டு ஓடினவ" என்று ஒருத்தியை மாதக்கணக்கில் கேலி செய்தார்கள். அடுத்த வருஷம் நவம்பரில் நிஜமாகவே தண்ணீர் வந்தபோது அவள் கடைசியாகத்தான் வந்தாள். பத்து தடவை வீணாகக் கிளம்பினாலும் பதினோராவது தடவையும் கிளம்பும் தைரியம் அவளுக்கு இருக்க வேண்டுமானால், அந்தப் பத்து தடவையும் வீட்டில் யாரும் வாய் திறக்கக் கூடாது.

மாட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வெளியூர்க்காரர்கள் இதைச் சாதாரணமாக நினைக்கிறார்கள். 2021இல் படுகைத் தெருப் பெரியவர் ஒருவர் கயிற்றுக் கட்டிலை விட்டு இறங்க மாட்டேன் என்றார். தீயணைப்புத் துறைப் பிள்ளைகள் வந்து கெஞ்சினார்கள், ஊராட்சித் தலைவர் அதட்டிப் பார்த்தார். "நான் போயிட்டா இதுங்களுக்கு யாரு?" என்று தொழுவத்தைக் காட்டினார். ஒரு கறவை, ஒரு கன்று. பேரன் மாட்டை அவிழ்த்துப் பள்ளி ரோட்டு மேட்டில் கொண்டுபோய்க் கட்டிவிட்டு வந்து சொன்ன பிறகுதான், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே நடந்து வந்தார். ஃபெஞ்சலுக்குப் பிறகு இறந்த பசுவுக்கு ரூ.37,500, ஆட்டுக்கு ரூ.4,000 என்று அரசு நிவாரணம் அறிவித்தது. அந்தப் பணத்தில் நல்ல கறவை ஒன்று வாங்கிவிட முடியுமா என்று பால் ஊற்றிப் பிழைக்கிறவர்களைக் கேளுங்கள். ஆகவே வீட்டில் மாடு இருந்தால் திட்டம் மாட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். எந்த மேடு, யார் ஓட்டிக்கொண்டு போவது, இரண்டு நாள் வைக்கோலுக்கு என்ன வழி. மாடு முந்தின நாளே போய்விட்டால் மனிதர்கள் தடையில்லாமல் வருவார்கள். வேறு வழியே இல்லாமல் விட்டுவிட்டு வர நேர்ந்தால் கயிற்றை அவிழ்த்து விடுங்கள். கட்டுத்தறியில் கட்டியபடி செத்துக் கிடந்தவற்றைப் பார்த்திருக்கிறேன்; அவிழ்த்து விட்டவை பல நீந்தி மேட்டில் ஏறிப் பிழைத்தன.

பையைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள், சுருக்கமாகவே சொல்கிறேன். மூலப் பத்திரங்களைப் பரணிலும் எரவாணத்திலும் செருகி வைக்காதீர்கள்; மழை தொடங்கும் முன்னரே எல்லாவற்றையும் ஒரே உறையில் சேர்த்துக் கதவுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டுங்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அரசு சிறப்பு முகாம்கள் போட்டு நகல் சான்றிதழ்கள் கொடுத்தது உண்மைதான். ஆனாலும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் கரைந்துபோன பிள்ளைகள் கல்லூரிச் சேர்க்கை நேரத்தில் பட்ட பாட்டை நான் அறிவேன். டிஜிலாக்கரில் போட்டு வையுங்கள், கைபேசியில் படம் எடுத்து வெளியூர் உறவினர் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். மாத்திரைகள் ஒரு வாரத்துக்காவது இருக்கட்டும், மருத்துவர் எழுதிய சீட்டும் கூடவே. இன்சுலின் போடுகிறவர்கள் கரண்ட் போனால் என்ன செய்வது என்று இப்போதே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். டயாலிசிஸ் செய்துகொள்பவர் வீட்டில் இருந்தால் மதகைப் பார்த்துக்கொண்டிருக்கவே வேண்டாம், புயல் செய்தி வந்ததுமே மருத்துவமனை இருக்கிற ஊருக்குப் போய்விடுங்கள். பேறுகாலத் தேதி நெருங்கியவர்களைப் புயலுக்கு முன்பே மருத்துவமனையில் சேர்க்கும் நல்ல வழக்கம் நம் சுகாதாரத் துறையில் இருக்கிறது. கிராம செவிலியரிடம் சொல்லி அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

கிளம்பும்போது மெயின் சுவிட்சை அணைத்து, சிலிண்டரை மூடி, கட்டி வைத்துவிட்டு வர வேண்டும்; வெள்ளத்தில் சிலிண்டர் மிதந்து போகும். எண்களைக் காகிதத்தில் எழுதிப் பையில் வையுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070. என் பள்ளியில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட அம்மாவின் கைபேசி எண்ணை வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கும். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் தினமும் இரண்டு பேரைச் சொல்லச் சொல்வேன். தானே புயல் இரவில் முகாமில் அம்மாவைத் தவறவிட்டு அழுத ஒரு சிறுமியால் யாருடைய எண்ணையும் சொல்ல முடியவில்லை. அதற்குப் பிறகு தொடங்கிய பழக்கம் அது.

வீட்டைப் பூட்டிவிட்டு வர மக்கள் தயங்குவதற்குத் திருட்டுப் பயமும் ஒரு காரணம். அந்தப் பயம் நியாயமானது. ஊர் இளைஞர்களும் காவல் துறையும் சேர்ந்து சுற்றி வந்தால் பாதிப் பயம் போய்விடும். மீதிப் பாதிக்கு நகையை மழைக்காலத்தில் வங்கிப் பெட்டகத்தில் வைப்பதுதான் வழி.

அரசிடம் சொல்லவும் சில உண்டு. விநாடிக்கு ஒரு லட்சம் கனஅடி என்று ஒலிபெருக்கியில் சொன்னால் எங்கள் தெருவில் யாருக்கும் ஒன்றும் விளங்காது. எம்.ஏ., பி.எட். படித்த எனக்கே அது எத்தனை படி ஏறும் தண்ணீர் என்று தெரியாது. ஒவ்வொரு கரையோர ஊரிலும் மதகிலோ பாலத் தூணிலோ கோடு கிழித்து வண்ணம் பூசி வையுங்கள். 2021இல் இங்கே, 2024இல் இங்கே என்று எழுதுங்கள். அறிவிக்கும்போது, இன்று இரவு மஞ்சள் கோட்டைத் தாண்டும் என்று சொல்லுங்கள். பெயின்ட் டப்பாவுக்கும் ஒரு நாள் கூலிக்கும் ஆகிற செலவுதான்.

அறிவிப்பை ஆட்டோவோடு விட்டுவிடாதீர்கள். மழைச் சத்தத்தில் பாதி காதில் விழாது. விழுந்தாலும் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஆண்களுக்குத்தான் விழும். முதல்நிலை மீட்பாளர்கள் என்று ஊருக்கு ஊர் பட்டியல் வைத்திருக்கிறீர்கள். மகளிர் சுய உதவிக் குழுக்கள் இல்லாத தெருவே இல்லை. ஒரு பெண் அடுப்படி வரை வந்து, எழுந்திரு அக்கா போகலாம் என்று கையைப் பிடித்தால் கிளம்புவது எளிது. குழுவுக்கு இரண்டு பேருக்காவது பயிற்சி கொடுத்து, வீடு வீடாகப் போகும் பொறுப்பை அவர்களிடம் கொடுங்கள்.

முகாம்களின் கழிப்பறையைச் சொல்லாமல் இருக்க முடியாது. எங்கள் பள்ளியில் பெண் பிள்ளைகளுக்கான கழிப்பறைகள் ஊர்ப் பெண்கள் அத்தனை பேருக்கும் எப்படிக் காணும்? இரவில் அங்கே விளக்கும் கிடையாது. மாதவிலக்கான பெண்களும் வயதுக்கு வந்த பிள்ளைகளும், அங்கே போய் அவஸ்தைப்படுவதற்கு இங்கேயே கிடக்கிறோம் என்று வீட்டிலேயே இருந்துவிடுவதை நான் கண்டிருக்கிறேன். முகாமில் பெண்களுக்குத் தனி அறை, தாழ்ப்பாள் போட முடிகிற கதவு, ஜெனரேட்டர் விளக்கு, நாப்கின் இவை இருந்தால் வெளியேற்றத்தில் பாதி வேலை முடிந்த மாதிரி. சோற்றுப் பொட்டலத்தைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டுப் போகும் அதிகாரிகள் இதையும் கேட்க வேண்டும். கடலோரத்தில் பல்நோக்குப் புயல் பாதுகாப்பு மையங்கள் கட்டியிருக்கிறார்கள், நல்ல கட்டடங்கள். அவற்றை ஒட்டி மாடு கட்ட ஒரு மேட்டுத் தளமும் வேண்டும்.

இவையெல்லாம் நடக்கிறபோது நடக்கட்டும். நீங்கள் செய்ய வேண்டியதற்கு அரசாணை தேவையில்லை, ஒரு பைசா செலவில்லை. வெளியூரில் வேலை பார்க்கும் தம்பிகளே, இன்று இரவே வீட்டுக்குப் போன் போடுங்கள். ஸ்பீக்கரில் போட்டு, அம்மா அப்பாவும் கேட்கும்படி உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள்: தண்ணீர் ஏறினால் எனக்குப் போன் போடாதே, வீட்டைப் பூட்டிக்கொண்டு எல்லோரையும் கூட்டிக்கொண்டு கிளம்பு, பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு எனக்குச் சொன்னால் போதும்.